கார்ஸ்பி டவுனுக்குப் போன கதிரைகள்

1

இன்று காலை எங்கள் தெருவுக்குத் தந்திக்காரர் வந்தார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும், குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி கமலா கத்தியை வைத்துவிட்டு யன்னலடிக்குப் போனாள். நான் பேப்பரை மடித்தேன். தந்திக்காரர் எங்கள் கேற்றைத் தாண்டிப் போய், சற்றுத் தள்ளி இருக்கும் இத்தாலியர் வீட்டின் முன்னால் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் அங்கே கைதட்டலும் கூச்சலும் கேட்டன. மெல்பேர்னில் இருக்கும் மகளுக்கு ஆண் குழந்தையாம். கமலா திரும்பி வந்து மிச்ச வெங்காயத்தை வெட்டினாள்.

இந்த நாட்டில் பிள்ளை பிறந்தாலும் தந்தி, கலியாணம் என்றாலும் தந்தி, பிறந்தநாள் என்றாலும் தந்தி. எங்கள் ஆட்களுக்குத் தந்தி என்றால் இன்றைக்கும் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த ஒழுங்கையில் தந்திச் சேவகர் சைக்கிளை விட்டு இறங்கினால், அவர் உறையை நீட்டுவதற்கு முன்பே உள்ளே அழுகை தொடங்கிவிடும். என் மாமா ஒருவர் தமக்கு உத்தியோக உயர்வு கிடைத்ததைத் தந்தியில் அறிவிக்கப்போய், மாமி மயங்கி விழுந்து, அயல் முழுவதும் கூடிவிட்டது. பிறகு மாமா லீவில் வந்தபோது ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரிடமும் ஏச்சு வாங்கினார்.

நாங்கள் சிட்னிக்கு வந்த புதிதில் அப்படி ஒரு தந்தி எங்களை ஒரு பெரிய பிழை செய்ய வைத்தது. அதைத்தான் இன்று எழுதுகிறேன். எழுதப்போனால் இது ஓர் ஆங்கிலேயக் கால்பந்துக் கழகத்தின் சரித்திரமாகவும் ஆகிவிடும். ஊரில் இருந்து வாசிக்கும் நீங்கள், இவனுக்கு ஏன் இந்த வேலை என்று நினைப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

2

இலங்கையில் நான் நீர்ப்பாசனப் பொறியியலாளன். குளங்களுக்கு மதகு கட்டியவன். இங்கே பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் படவரைஞனாக, மற்றவர்கள் கட்டப்போகும் கால்வாய்களுக்குக் கோடு போட்டுக் கொடுக்கும் வேலை கிடைத்தது. என் பட்டத்தை ஏற்றுக்கொள்வதற்கு, படித்த பாடத்திட்டம் முழுவதையும் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். அதில் கையெழுத்து வைத்த பேராசிரியரிடம் ஓர் உறுதிக் கடிதம் வாங்கித் தரச் சொன்னார்கள். அவர் காலமாகிவிட்டார் என்று எழுதினேன். அதன்பிறகு பதிலே வரவில்லை.

"அவைக்கும் செத்த வீட்டுத் துடக்குப் போலை. முப்பத்தொண்டாம் நாள் கழியட்டும், எழுதுவினம்" என்றாள் கமலா.

அந்த வருடம் முழுவதும் எனக்கு ஒரே ஒரு கவலைதான். ஊரில் அப்பாவுக்கு இருதயம் பழுது. வடபகுதி ரயில் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடியாடித் திரிந்த மனிதர், இப்போது கட்டிலில் இருந்து இறங்க அண்ணா கை கொடுக்க வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. போய்ப் பார்க்க லீவு கேட்டேன். வேலையில் சேர்ந்து ஒரு வருடமாவது ஆகவேண்டும் என்றார்கள். போனால் திரும்பி வருவதற்குப் பாஸ்போட்டில் ஒரு முத்திரை வேண்டும், அதற்கு ஒரு நேர்முகம், அந்த நேர்முகத்துக்கு ஒரு வரிசை. டிசம்பரில் வருகிறேன் என்று அப்பாவுக்கு எழுதினேன். அவர் நடுங்கிய எழுத்தில் பதில் போட்டார். "அவசரப்படாதே. வண்டி பிந்தினாலும் நான் பிளாற்போமில்தான் நிற்பேன்."

அதனால்தான் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் கை வேலை நின்றுவிடும்.

மெரிலேண்ட்ஸில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு பலகை வேலி. அந்தப் பக்கத்தில் வால்டர், அவர் மனைவி ஜோன். இங்கிலாந்தின் வடக்கே கார்ஸ்பி என்ற கம்பளி ஆலை ஊரிலிருந்து, அரசாங்கம் கொடுத்த மலிவுக் கப்பல் ரிக்கற்றில் வந்தவர்கள். வால்டருக்கு ரயில் பெட்டி பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. நாங்கள் குடிவந்த அன்றே வேலிக்கு மேலால் கையை நீட்டி ஏதோ கேட்டார். எனக்குப் பாதிதான் விளங்கியது. கமலாவுக்கு அதுவும் இல்லை.

"எங்களுக்குப் படிப்பிச்ச இங்கிலீசை இந்த மனுசனுக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லையே?" என்று என்னிடம் கேட்டாள்.

அவர் கேட்டது, எந்தக் கழகத்துக்கு நான் ஆதரவு என்று. எனக்குக் கழகம் கிடையாது என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அந்த நேரமே என்னைத் தத்தெடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

3

அவருடைய கழகம் கார்ஸ்பி டவுன். சனிக்கிழமை பின்னேரம் அங்கே ஆட்டம் முடிகிறபோது இங்கே ஞாயிறு விடியப்போகும் நேரம். வால்டர் எழும்பி, சிற்றலை வானொலியைக் காதோடு வைத்து, கரகரப்புக்கு நடுவே கார்ஸ்பியின் முடிவு வரும்வரை காத்திருப்பார். நான் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட வரும்போது வேலியடியில் தேநீரோடு நிற்பார். முகத்தைப் பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும். அநேகமாகத் தோல்வி. தோல்வியைச் சொல்லிவிட்டு, மனத்தைத் தேற்றப் பழைய கதைக்குப் போவார். அப்படித்தான் கழகத்தின் சரித்திரம் முழுவதும் ஞாயிறு ஞாயிறாக எனக்கு வந்து சேர்ந்தது.

விக்டோரியா மகாராணி காலத்தில், தேவாலயத்து இளைஞர்கள் கோடையில் கிரிக்கெட் ஆடினார்கள். மாரியில் சும்மா இருந்தால் குடிக்கப் போவார்கள் என்று பயந்த பாதிரியார் ஒரு பந்தை வாங்கிக் கொடுத்தார். அதுதான் தொடக்கம். பாதிரியார் நினைத்தது நடந்ததா என்று கேட்டேன். "பந்தும் அடித்தார்கள், குடிக்கவும் போனார்கள்" என்றார் வால்டர்.

கழகத்தின் நிறம் மண்ணிறமும் மஞ்சளும். இங்கிலாந்தில் வேறு எவரும் விரும்பி அணியாத நிறம். ஒரு வருடம் ஆலையில் சாயம் பிழைத்து நிறம் மாறிப்போக, மண்ணிற நூல் வாங்குவாரில்லாமல் குவிந்து கிடந்தது. முதலாளி அதை இனாமாகக் கொடுத்தார். எதிர் அணிக்காரர் சேற்று நிறம் என்று கேலி செய்ய, இவர்கள் வீம்புக்கு அதையே வைத்துக்கொண்டார்கள். மைதானம் ஒரு பக்கம் சரிவு. சரிவின் அடியில் ரயில் பாதை. ஒருநாள் ஓங்கி அடித்த பந்து ஓடிக்கொண்டிருந்த நிலக்கரி வண்டிக்குள் விழுந்து அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டர் அதைக் கழுவித் துடைத்து, அடுத்த வண்டியில் கார்டிடம் கொடுத்து அனுப்பினாராம்.

இதைக் கேட்டபோது, "என் அப்பாவும் ஸ்டேஷன் மாஸ்டர்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வால்டர் கிண்ணப் போட்டிக் கதைக்குப் போய்விட்டார்.

கிண்ணப் போட்டிதான் சரித்திரத்தின் உச்சம். லண்டனிலிருந்து ஒரு பெரிய கழகம், பெரிய கோட்டுகளோடு கார்ஸ்பிக்கு வந்தது. பனி கொட்டியது. ஆலைகளை அரைநாள் மூடினார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில், ஊர் இறைச்சிக்கடைக்காரரின் முழங்காலில் பந்து பட்டு வலைக்குள் போனது. அவர் அடிக்கவில்லை, பட்டதுதான். அன்றிலிருந்து அவர் கடையில் சனம் குறைந்ததே இல்லை. அந்த ஆட்டத்தை நேரில் பார்த்ததாகச் சொல்லும் கிழவர்களைக் கூட்டினால் அந்த மைதானம் போதாது என்று வால்டரே சொல்லிச் சிரிப்பார். தன் தகப்பனாரும் அவர்களில் ஒருவர் என்பதையும் சொல்வார்.

பிறகு பலகை மண்டபம் எரிந்தது. ஊர்ச் சனம் ஆளுக்கொரு பலகை கொடுத்துத் திருப்பிக் கட்டினார்கள். வால்டரின் தகப்பனார் அடித்த பலகையில்தான் சிறுவயதில் வால்டர் உட்கார்ந்தார். ஆலை மூடியது. இளம் ஆட்கள் ஊரை விட்டுப் போனார்கள். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் குறைந்தார்கள்.

எனக்கு இவை கேட்கக் கேட்கக் கோயில் தலபுராணம் போல இருந்தன. அங்கே பசு தானாகப் பால் சொரிந்த இடத்தில் கோயில் வரும். இங்கே சாயம் பிழைத்த நூல். அங்கேயும் எரிப்பார்கள், திருப்பிக் கட்டுவார்கள். வால்டரிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்கள் கோயில் எந்தப் பிரிவில் ஆடுகிறது என்று கேட்டார்.

4

எங்கள் மகள் வாசுகிக்கு அப்போது பத்து வயது. வந்த சில மாதங்களிலேயே தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்லப் பழகிவிட்டாள். வேலியில் ஏறி இருந்து வால்டர் அங்கிளிடம் கதை கேட்பாள். கிண்ணப் போட்டியில் ஆடிய பதினொரு பேரின் பெயரையும் கோல்காப்பாளரிலிருந்து வரிசையாக ஒப்புவிப்பாள். எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைத் தேவாரத்தில் அவளுக்கு இரண்டாம் வரி வராது.

ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இறைச்சிக்கடைக்காரன்ரை பேர் தெரியுது. என்ரை அப்பா, உன்ரை அப்பப்பா, அவரின்ரை பேர் என்ன, சொல்லு பாப்பம்?"

அவள் யோசித்தாள். பிறகு, "அப்பப்பா" என்றாள்.

"அது முறை. பேர் என்ன?"

"ஐ டோன்ற் நோ, அப்பா. யூ நெவர் செட்."

கமலா என்னைப் பார்த்தாள். "சரிதானே? நீங்கள் எப்ப சொன்னனீங்கள்? கேட்டாலும் டிசம்பரிலை போய்ப் பாப்பம் எண்டுறியள்." நான் பூக்கன்றுகளுக்கு இரண்டாம் தரம் தண்ணீர் விடப் போனேன்.

அந்தப் பருவத்தில் கார்ஸ்பி டவுன் லீக்கின் கடைசிப் பிரிவில் கடைசி இடத்துக்கு வந்துவிட்டது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் வந்த சில கழகங்கள், மற்றக் கழகங்களின் முன்னால் போய் நின்று, எங்களை இன்னும் ஒரு வருடம் வைத்திருங்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் வாக்குப் போடுவார்கள். வாக்குக் காணாவிட்டால், தலைமுறை தலைமுறையாக ஆடிய கழகம் லீக்கை விட்டு வெளியே. அந்த இடத்துக்கு ஒரு புதுக் கழகம் வரும்.

"தோற்றால் தாங்கலாம், சிவா. கோட்டுப் போட்டவர்கள் ஓர் அறையில் இருந்து நீ வேண்டாம் என்று கை தூக்குவதை எப்படித் தாங்குவது?" என்றார் வால்டர்.

எனக்கு அது நன்றாகவே விளங்கியது. வெள்ளையரல்லாத எங்களைப் போன்றவர்களை இந்த நாட்டுக்குள் விடலாமா என்று கோட்டுப் போட்டவர்கள் கை தூக்கி முடிவெடுத்து அதிக காலம் ஆகவில்லை. ஊரிலும் தமிழருக்கு என்ன இடம், பல்கலைக்கழகத்தில் எத்தனை இடம் என்று வேறு சிலர் கை தூக்கியதால்தான் நான் பெட்டி கட்டினேன். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. வாக்கெடுப்பு எப்போது என்று மட்டும் கேட்டேன். ஜூன் மாதம் என்றார்.

5

ஜூன் மாதக் குளிரில் ஒரு வேலை நாள். அலுவலகத்துக்குக் கமலாவின் போன் வந்தது.

"இஞ்சாருங்கோ, தந்தி வந்திட்டுது."

நான் பக்கத்திலிருந்த மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்களுக்கில்லை. பக்கத்து வீட்டுக்கு. ரெண்டு கேற்றுக்கும் நடுவிலை நிண்டு நம்பர் பாத்தவன், அப்பிடியே எனக்கு உயிர் போச்சுது. பிறகு அங்கை போனான். ஜோன் வாசிச்சுப்போட்டு வாசல் படியிலையே குந்தியிட்டா. வால்டரும் வேலைக்குப் போகேல்லை. யன்னல் சீலையெல்லாம் இழுத்து மூடியிருக்கு. அவரின்ரை தாய்தான் போலை. உடனை வாங்கோ."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்ததாக, அந்த நிம்மதியை நினைத்து வெட்கம். வால்டரின் தாய் வயதானவர், கார்ஸ்பியில் மற்ற மகனோடு இருப்பவர் என்று தெரியும். வாக்கெடுப்பு நினைவுக்கே வரவில்லை. தந்தி என்ற சொல் காதில் விழுந்த பிறகு மண்டையில் வேறெதுவும் தங்காது. அலுவலகப் பெரியவரிடம், அயலில் மரணம் என்று சொல்லி அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு ரயில் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது கமலா வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். கோதுமை மாவை அவித்து அரித்து, இடியப்பம் பிழிந்து, சொதி வைத்திருந்தாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயலவர்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும். நான் வெள்ளைச் சேட்டு மாற்றினேன். பிறகுதான் கதிரை ஞாபகம் வந்தது. துக்கம் கேட்க ஆட்கள் வருவார்களே, அவர்கள் உட்கார அந்த வீட்டில் எத்தனை கதிரை இருக்கும்? எங்கள் சாப்பாட்டு மேசைக் கதிரைகள் அத்தனையையும் தூக்கி வேலிக்கு மேலால் இறக்கி, அவர்கள் வாசலில் வரிசையாகப் போட்டேன்.

ஜோன் கதவைத் திறந்தார். கண் சிவந்திருந்தது. எங்களைப் பார்த்தார், இடியப்பத் தட்டைப் பார்த்தார், கதிரைகளைப் பார்த்தார். ஒன்றும் விளங்காவிட்டாலும் உள்ளே வரச் சொன்னார். வால்டர் சோபாவில் மடியில் ஒரு மண்ணிறக் கம்பளிச் சால்வையோடு இருந்தார். நாங்கள் போய் எதிரில் அமர்ந்தோம்.

எங்கள் வழக்கத்தில், என்ன நடந்தது என்று கேட்க மாட்டோம். துக்கக்காரர் தாமாக வாய் திறக்கும்வரை பேசாமல் இருப்பதுதான் மரியாதை. ஆகவே இருந்தோம். மணிக்கூடு அடித்தது. ஜோன் தேநீர் கொண்டுவந்தார். யாரும் குடிக்கவில்லை. கடைசியில் வால்டர் நிமிர்ந்தார்.

"நீதான் வந்தாய், சிவா. இன்றைக்கு லீவு கேட்டபோது பட்டறையில் சிரித்தார்கள். நீ வெள்ளை உடுத்துக் குடும்பத்தோடு வந்திருக்கிறாய்."

தந்தியை என்னிடம் நீட்டினார். அவர் தம்பி அனுப்பியிருந்தார். வாக்குப் போதவில்லை, கார்ஸ்பியை வெளியே போட்டுவிட்டார்கள், பொறுத்துக்கொள் என்று இருந்தது.

நான் இரண்டு முறை வாசித்தேன். கமலா என் பக்கம் சரிந்தாள்.

"என்னவாம்? தாயோ?"

"இல்லை. தாய் சுகமாய் இருக்கிறா. பந்தடிக் கழகம்."

"என்ன?"

"அவரின்ரை கழகத்தை லீக்கிலை இருந்து எடுத்துப்போட்டினம்."

கமலா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, துக்கம் கேட்கும் அதே குரலில் மெதுவாகச் சொன்னாள். "அப்ப நான் மா அவிச்சது பந்துக்கோ? வெள்ளைச் சீலையும் கட்டிக்கொண்டு வந்து குந்தியிருக்கிறன். வீட்டை வாங்கோ, கதைக்கிறன்."

ஜோன் அவளுடைய கையைப் பிடித்து, அந்த வார்த்தைகளுக்காக நன்றி சொன்னார்.

எழும்பிப் போயிருக்கலாம். வால்டரின் முகத்தைப் பார்த்தபோது மனம் வரவில்லை. ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. எல்லாம் தெரிந்த கதைதான், ஆனாலும், "அவர்களைப் பற்றிச் சொல்லுங்கள், வால்டர். தொடக்கத்திலிருந்து" என்றேன்.

அவர் பாதிரியாரில் தொடங்கினார். சாயம் பிழைத்த நூலுக்கு வந்தார். நிலக்கரி வண்டிக்கு வந்தபோது அவரே கொஞ்சம் சிரித்தார். செத்த வீட்டில் இறந்தவரின் குறும்புகளைச் சொல்லிச் சிரிப்போமே, அப்படி. பள்ளிக்கூடம் விட்டு வந்த வாசுகி எங்களைத் தேடி சீருடையோடு அங்கே வந்தாள். செய்தியைக் கேட்டதும் வால்டரின் சோபாப் பிடியில் முகத்தை வைத்து அழுதாள். உண்மையான அழுகை. எங்களுக்குரிய எதற்காவது இவள் இப்படி அழுவாளா என்ற எண்ணம் எனக்கு வந்தது. அந்த எண்ணம் அப்பாவில்தான் போய் நின்றது.

பலகை மண்டபத்துக்கு வந்தபோது வால்டர் மடியிலிருந்த சால்வையை நீவினார்.

"எங்கள் தெருவில் மட்டும் எத்தனை பேர் கப்பல் ஏறினோம்? எல்லோரும் கிளம்பி வந்துவிட்டால் சனிக்கிழமை அங்கே போய் நிற்க யார் இருக்கிறார்கள்? கோட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள்தான்."

அவர் கழகத்தைச் சொன்னார், எனக்குக் கட்டிலில் இருக்கும் அப்பா தெரிந்தார். அந்த இடத்தில் கமலாவும் கோபத்தை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். இடியப்பத்தை எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பைகளில் வைத்து, சொதி ஊற்றி, வால்டரின் கையில் கொடுத்தாள். அவர் கரண்டியால் சாப்பிட்டு முடித்தார்.

வெளிக்கிடும்போது எழுந்து பேசாமல் வந்துவிட்டோம். செத்த வீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்ல மாட்டோம் அல்லவா, பழக்க தோஷம். வாசலில் போட்ட கதிரைகளில் ஒருவரும் இருக்கவில்லை. அவற்றை அன்று அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

அடுத்தநாள் ஜோன் வேலியடியில் வாசுகியை மறித்து, அம்மாவும் அப்பாவும் ஏன் ஒரு வார்த்தை சொல்லாமல் எழும்பிப் போனார்கள், மனம் நோக ஏதாவது செய்துவிட்டோமா என்று கேட்டிருக்கிறார். வாசுகி தாயிடம் ஓடிவந்து விசாரித்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் விளக்கினாள். யாராவது இறந்த வீட்டில் விடை சொல்ல மாட்டோம், கேள்வி கேட்க மாட்டோம், சாப்பாட்டில் இறைச்சி முட்டை சேர்க்க மாட்டோம், கதிரை கொண்டுபோவோம். ஜோன் கேட்டுவிட்டு, "ஆனால் எங்கள் வீட்டில் யாரும் இறக்கவில்லையே" என்றாராம். பின்னால் நின்ற வால்டர், "இறந்ததுதான்" என்றாராம்.

6

டிசம்பர் வரவில்லை. வசந்தம் தொடங்கி, தெருவோரத்து மரங்கள் மஞ்சளாகப் பூத்த ஒரு செவ்வாய்க்கிழமை மோட்டார் சைக்கிள் எங்கள் கேற்றடியிலேயே நின்றது. அண்ணா அனுப்பியிருந்தார். அப்பா காலமானார். நாளை தகனம்.

நாளை என்றால், நான் பாஸ்போட் முத்திரைக்கு வரிசையில் நிற்கும்போதே எல்லாம் முடிந்துவிடும். போய்ப் பயன் இல்லை. ஊரில் என்றால் இந்நேரம் வாசல் நிறைந்திருக்கும், யாரோ தேநீர் ஆற்றுவார்கள், யாரோ பந்தலுக்குக் கயிறு தேடுவார்கள். சிட்னியில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவை. எல்லோரும் போனில் துக்கம் கேட்டார்கள், சனிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். அவர்களில் குறை இல்லை. எல்லோருக்கும் வேலை நாள்.

கமலா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு, காலி வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். ஒருவரும் இல்லாத செத்த வீட்டில் எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை. வாசுகி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றாள். பிறகு வேலியடியில் ஜோனிடம் போய்ச் சொன்னதும் அவள்தான்.

பின்னேரம் வேலிப் பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. யன்னலால் பார்த்தேன். வால்டர் அவருடைய வீட்டுக் கதிரைகளை ஒவ்வொன்றாக வேலிக்கு மேலால் இறக்கிக்கொண்டிருந்தார். குசினிக் கதிரை, தோட்டத்துக் கதிரை, இருக்கை கிழிந்த ஒரு பழைய கதிரை. எல்லாவற்றையும் எங்கள் வாசலில் வரிசையாகப் போட்டார். ஜோன் மூடிய பாத்திரத்தோடு வந்தார்.

"உருளைக்கிழங்கும் லீக்சும்" என்று கமலாவிடம் மெதுவாகச் சொன்னார். "முட்டைகூடப் போடவில்லை."

இருவரும் எங்களுக்கு எதிரில் அமர்ந்தார்கள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வால்டரைப் போல வாயாடி மனிதர் அப்படிப் பேசாமல் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அவரைப் பற்றிச் சொல்லு, சிவா. தொடக்கத்திலிருந்து."

சொன்னேன். வால்டருக்காக இங்கிலீசில் சொன்னேன். பதினெட்டு வயதில் ரயில்வேயில் கிளாக்காகச் சேர்ந்தது, படிப்படியாக ஸ்டேஷன் மாஸ்டர் ஆனது. ஒருமுறை பக்கத்து ஊர்க் கலியாணத்துக்குப் போகும் தவில்காரர் பிந்திவிட்டார். அவர் தூரத்தில் தவிலைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள்ளால் ஓடிவருவதைக் கண்ட அப்பா, பச்சைக் கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெயில் ரயிலை நிறுத்தி வைத்தார். கொழும்பிலிருந்து விளக்கம் கேட்டார்கள். "மேளம் இல்லாமல் தாலி கட்ட முடியாது, ரயில் இல்லாமல் மேளம் போக முடியாது" என்று அப்பா எழுதி அனுப்பினார். வால்டர் தொடையில் ஓங்கி அடித்துச் சிரித்தார். உடனே இடம் நினைவு வந்து வாயை மூடினார். நானும் சிரித்திருந்தேன்.

"தென் வற்?" என்று கேட்டது வாசுகி. அவள் எப்போது என் காலடியில் வந்து அமர்ந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

பிறகு என்ன என்று அவள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசிக் கடிதத்தில் பிளாற்போமில் நிற்பேன் என்று எழுதியதுவரை சொன்னேன்.

"அப்பா," என்றாள் வாசுகி. "அப்பப்பான்ரை பேர் என்ன?"

தமிழில் கேட்டாள்.

"கந்தையா" என்றேன்.

அவள் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வால்டர் எழுந்தார். ஜோனும் எழுந்தார். எந்த நாளும் வெளிக்கிடும்போது வாசலில் ஒருமுறை, கேற்றடியில் ஒருமுறை, வேலிக்கு அந்தப் பக்கம் போய் இன்னொருமுறை உரத்து விடை சொல்கிற மனிதர், எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்காமல் கதவைத் தாண்டினார். கதிரைகளை எடுக்கவில்லை. நான் யன்னலடியில் நின்று பார்த்தேன். கேற்றடியில் பழக்கத்தில் திரும்பிக் கையை உயர்த்தப் போனார். பாதி உயர்ந்த கை நின்றது. அதை மெல்ல இறக்கி, காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, ஒரு சொல் சொல்லாமல் நடந்தார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.